ஆரம்பகால அமெரிக்க இலக்கியத்தையும் ஓவியத்தையும் சேர்த்து வைத்துப் படிப்பது எப்படி

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அமெரிக்க இலக்கியத் தாள் எப்படி இருக்கும் என்று தெரியும். எமர்சன், தோரோ, ஹாதார்ன், விட்மன் என்று பெயர்கள் வரிசையாக வரும், ஆளுக்கு இரண்டு பக்கம் குறிப்பு எழுதிக்கொள்வோம், மேலே 'தேசிய அடையாளத்தின் எழுச்சி' என்று ஒரு தலைப்பைப் போட்டுவிட்டுத் தேர்வுக்குப் போய்விடுவோம். அந்த அடையாளத்தை யார், எந்த ஊரில் உட்கார்ந்து, யார் கொடுத்த காசில் உருவாக்கினார்கள் என்பது அந்தக் குறிப்பில் இருக்காது. சுவாரசியம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் கொஞ்சம் வேறு மாதிரி படித்துப் பார்க்கலாம். 1776இல் சுதந்திரப் பிரகடனம் வந்ததிலிருந்து 1850களின் நடுப்பகுதி வரை உள்ள காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகங்களின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஓவியங்களில் பலவும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர்கள் 2017 முதல் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களைப் பெரிய அளவிலேயே இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். தயவுசெய்து கைபேசியில் பார்க்காதீர்கள், கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். நான் சொல்லப்போகும் விஷயங்களில் பாதி ஓவியத்தின் மூலைகளில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு படைப்பிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை எங்கே செய்தார்கள், யார் பார்க்க வேண்டும் என்று செய்தார்கள்? இந்தக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் உங்களைத் திகைக்க வைக்கும். ஏனென்றால் 'அமெரிக்கத்தனம்' என்று இன்று நாம் நினைக்கும் பல விஷயங்கள் ஐரோப்பாவில் உட்கார்ந்து, ஐரோப்பியச் சரக்கைக் கொண்டு, லண்டன்காரன் என்ன சொல்வான் என்று ஒரு கண்ணை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு செய்யப்பட்டவை. சுதந்திரம் வாங்கி நாற்பது வருடம் ஆன பிறகும் அந்தக் கண் திரும்பவில்லை. 1820இல் சிட்னி ஸ்மித் என்ற ஆங்கிலேயர் எடின்பரோ ரிவ்யூ பத்திரிகையில், உலகத்தின் நாலு மூலையிலும் அமெரிக்கப் புத்தகத்தை எவன் படிக்கிறான் என்று நக்கலாகக் கேட்டுவைத்தார். அந்த ஒரு வாக்கியம் அமெரிக்க எழுத்தாளர்களைப் பல வருடம் உறுத்தியது. உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வையுங்கள், பின்னால் வரும் பலதும் அதற்கான பதிலாகத்தான் இருக்கும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? கனமான கட்டுரைகளில் கை வைக்காதீர்கள். வாஷிங்டன் இர்விங்கின் 'ரிப் வான் விங்கிள்' கதையிலிருந்து தொடங்குங்கள், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். 1819இல் வந்தது. ஹட்சன் நதிக்கரையில், கேட்ஸ்கில் மலையடிவாரத்தில் டச்சுக்காரர்கள் குடியேறிய ஒரு கிராமம், அதில் மனைவியின் ஏச்சுக்குப் பயந்து மலைக்கு ஓடிப்போகும் ஒரு சோம்பேறி, அங்கே யாரோ கொடுத்த மதுவைக் குடித்துவிட்டு இருபது வருடம் தூங்கிவிடுகிறான். தூங்கப் போகும்போது மன்னரின் குடிமகன், எழுந்து வரும்போது சுதந்திர நாடு. நடுவில் ஒரு புரட்சியே நடந்து முடிந்திருக்கிறது, அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அவன் ஊருக்குத் திரும்பும் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பழைய சத்திரம் இருந்த இடத்தில் 'யூனியன் ஹோட்டல்' நிற்கிறது. நிழல் தந்த பெரிய மரம் போய், அந்த இடத்தில் ஒரு மொட்டைக் கம்பம், அதன் உச்சியில் இரவில் தலைக்குப் போடும் குல்லாயைப் போல ஒரு சிவப்புத் தொப்பி, பக்கத்தில் நட்சத்திரமும் கோடுகளும் போட்ட ஒரு விநோதமான துணி. பெயர்ப்பலகையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முகம் அப்படியே இருக்கிறது, ஆனால் சிவப்புக் கோட்டு நீலமாகிவிட்டது, கையிலிருந்த செங்கோல் வாளாகிவிட்டது, தலைக்கு மேல் ஒரு தொப்பி, கீழே பெரிய எழுத்தில் ஜெனரல் வாஷிங்டன் என்று எழுதியிருக்கிறது. முகம் அதே ராஜாவின் முகம்தான், மேலே பெயின்ட் மட்டும் புதுசு. புதிய தேசம் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி இதைவிடக் குறும்பாக யாரும் சொல்லவில்லை என்பது என் கருத்து. அன்றைக்கு ஊரில் தேர்தல் நாள், கூட்டம் சுற்றி வளைத்து நீ எந்தக் கட்சி என்று கேட்கிறது, அவன் பாவம், நான் மன்னரின் விசுவாசி என்கிறான், உடனே 'ஒற்றன்' என்று கூச்சல். கடைசியில் எல்லாம் புரிந்த பிறகு அவனுக்குப் பெரிய நிம்மதி எதில் தெரியுமா? மன்னர் ஆட்சி போனதில் இல்லை, மனைவியின் ஆட்சி போனதில். (இர்விங்கின் பெண்கள் பற்றிய நகைச்சுவை இன்று கொஞ்சம் நெருடும். நெருடட்டும்.)

இப்போது நம் கேள்வியைப் போடுங்கள். இந்தக் கதையை எழுதும்போது இர்விங் இருந்தது இங்கிலாந்தில். கதையின் எலும்புக்கூடு ஒரு ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்தது. முதல் அமெரிக்கச் சிறுகதை என்று பலர் கொண்டாடும் கதையின் பிறப்புச் சான்றிதழ் இதுதான். இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, எந்தத் துணி எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று பார்க்கப் பழகுவதுதான் நமக்கு வேண்டியது.

அடுத்ததாக ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், இலக்கிய வரலாற்றுப் புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். 1790இல் வந்த அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் உள்நாட்டு எழுத்தாளர்களை மட்டும்தான் பாதுகாத்தது. வெளிநாட்டவர்களுக்கு அங்கே காப்புரிமை கிடைக்க 1891 ஆயிற்று. அதாவது, பிரிட்டிஷ் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் நாவலை நியூயார்க்கிலோ பிலடெல்பியாவிலோ ஒரு பதிப்பாளர் ஒரு காசு கொடுக்காமல் அச்சடித்து விற்கலாம், சொந்த ஊர் எழுத்தாளனுக்கோ பணம் கொடுத்தாக வேண்டும். நீங்கள் பதிப்பாளராக இருந்தால் எதை அச்சடிப்பீர்கள்? 1842இல் அமெரிக்கா வந்த ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் போன இடமெல்லாம் இதைப் பற்றிப் புலம்பினார். ஆக, எங்களுக்கென்று ஒரு சொந்த இலக்கியம் வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர்கள் முழங்கும்போது அதில் தேசப்பற்றும் இருக்கிறது, வயிற்றுப்பாடும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த முழக்கத்தின் அவசரம் புரியும்.

ஓவியம், சிற்பம் பக்கம் வந்தால் வாஷிங்டனை மட்டும் வைத்தே ஒரு மாலைப் பொழுதை ஓட்டிவிடலாம். டெலவேர் நதியைப் படகில் கடக்கும் வாஷிங்டன் ஓவியத்தை எங்காவது நிச்சயம் பார்த்திருப்பீர்கள், காலை முன்னே வைத்து நெஞ்சை நிமிர்த்தி நிற்பாரே, அதேதான். இமானுவேல் லாய்ட்சே அதை வரைந்து முடித்தது 1851இல், ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்தில். 1848இல் ஐரோப்பாவில் தோற்றுப்போன புரட்சிகளுக்குத் தெம்பூட்டும் நோக்கமும் அதில் இருந்தது. படகில் பறக்கும் கொடியைப் பாருங்கள்: நட்சத்திரங்களும் கோடுகளும். நதியைக் கடந்தது 1776 டிசம்பரில், அந்தக் கொடி அதிகாரபூர்வமாக ஆனது 1777 ஜூனில். இந்த மாதிரிப் பிழைகளைக் கண்டுபிடித்துச் சிரிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆறரை மீட்டர் அகலத்துக்கு ஒரு காட்சியை வரைகிறவருக்கு அன்றைக்கு நடந்தது என்ன என்பதைவிட, பார்க்கிறவன் மனதில் என்ன பதிய வேண்டும் என்பதுதான் கணக்கு. வாஷிங்டன் நகரத்தில் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கும் ஜான் டிரம்புல்லின் சுதந்திரப் பிரகடன ஓவியமும் அப்படித்தான். எல்லோரும் அதை ஜூலை 4 கையெழுத்துக் காட்சி என்று நினைக்கிறார்கள், உண்மையில் வரைவைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் காட்சி அது.

தோற்றுப்போன முயற்சிகளையும் பாருங்கள், அவை வெற்றிகளைவிட நன்றாகப் பாடம் எடுக்கும். 1832இல் வாஷிங்டனுக்கு ஒரு சிலை செய்யச் சொல்லி நாடாளுமன்றம் ஹொரேஷியோ கிரீனோவிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவர் இத்தாலியின் ஃபிளாரன்சில் இருந்துகொண்டு, கிரேக்கத்தின் ஜீயஸ் சிலையை மாதிரியாக வைத்து, மேல்சட்டை இல்லாமல், இடுப்பில் ஒரு துணியும் காலில் செருப்புமாக, ஒரு கையை வானத்தை நோக்கி உயர்த்தியபடி ஒரு வாஷிங்டனைச் செதுக்கி அனுப்பினார். 1841இல் அது வந்து இறங்கியபோது மக்கள் முதலில் விழித்தார்கள், அப்புறம் சிரித்தார்கள், மனிதர் தன் துணிமணியைத் தேடிக் கையை நீட்டுகிறார் என்று கிண்டல் கிளம்பியது. இரண்டு வருடத்தில் சிலையைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். இப்போது ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குடியரசுத் தலைவரைக் கடவுளாக்கலாம், ஆனால் கோட்டோடுதான் ஆக்க வேண்டும் என்பது அந்த மக்களின் ரசனை. ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் வரைந்து பாதியில் விட்டுவைத்த வாஷிங்டனின் முகம்தான் கடைசியில் ஜெயித்தது, இன்றைக்கும் ஒரு டாலர் நோட்டில் இருப்பது அதிலிருந்து எடுத்ததுதான்.

இதுவரை செய்தது கையைப் பழக்கிக்கொள்ளும் வேலை. இனி நிதானமாகச் செய்ய வேண்டியது: ஒரே ஒரு ஆண்டை எடுத்து, அந்த ஆண்டில் வந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான் 1836ஐத்தான் சொல்வேன்.

அந்த ஆண்டு தாமஸ் கோல் வரைந்த ஓவியம், சுருக்கமாக 'ஆக்ஸ்போ' என்பார்கள், மெட்ரோபாலிட்டனில் இருக்கிறது. மாசசூசெட்ஸில் ஹோலியோக் மலையிலிருந்து பார்த்தால் கனெக்டிகட் நதி வளைந்து போகும் காட்சி. இடது பக்கம் முழுக்கக் காடு, கருமேகம், மின்னல் அடித்தது போல முறிந்த ஒரு மரம். வலது பக்கம் மழை விட்டு வெயில் அடிக்கும் வயல்கள், வீடுகள், புகை, நதியில் படகுகள். நடுவில் குறுக்காக ஒரு கோடு போட்டுப் பிரித்தது போல இருக்கும். முதலில் தூரத்திலிருந்து பாருங்கள், அப்புறம் கீழே நடுப்பகுதியைப் பெரிதாக்குங்கள். பாறைகளுக்கும் புதர்களுக்கும் இடையில் தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம் திரும்பி நம்மைப் பார்க்கும், அதுதான் கோல். முன்னால் அவருடைய ஓவியச் சட்டகம், சற்றுத் தள்ளி அவர் சாமான்கள், பாறை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் குடை. காட்டுக்கும் வயலுக்கும் நடுவில், எந்தப் பக்கம் என்று சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அதன் பிறகு எதிரே தெரியும் தூரத்து மலைக்குப் போங்கள்: மரம் வெட்டிய தழும்புகள் வெள்ளையாகத் தெரியும்.

அதே ஆண்டு கோல் அமெரிக்க நிலக்காட்சி பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டார், அதை உடனே படித்துவிடுங்கள். ஐரோப்பாவுக்குப் பழைய கோட்டைகளும் இடிபாடுகளும் உண்டு, நமக்கு அவை இல்லை, நமக்கு இருப்பது மனிதக் கை படாத காடு, நம் நினைவுகள் பழங்காலத்தைப் பற்றியவை அல்ல, வருங்காலத்தைப் பற்றியவை என்ற ரீதியில் போகும். இதைவிடத் தெளிவான தேசிய வாதம் அந்தக் காலத்து ஓவியர்களிடம் கிடைக்காது. ஆனால் அதே கட்டுரையிலேயே கோடரி அந்தக் காட்டை எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்று வருந்தவும் செய்கிறார். இன்னொன்று, இதைச் சொன்னவர் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்து, பதினேழு வயதுவாக்கில் அமெரிக்கா வந்தவர். ஆலைப் புகையில் வளர்ந்த கண்ணுக்குத்தான் அந்தக் காடு அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரே அதே 1836இல் முடித்த 'பேரரசின் பாதை' ஐந்து ஓவியங்களையும் நேரம் இருந்தால் பாருங்கள், ஒரு நகரம் காட்டிலிருந்து எழும்பி, உச்சிக்குப் போய், எரிந்து, பாழாகிப்போகும். ஐந்திலும் ஒரே மலை வேறு வேறு கோணத்தில் வரும், உச்சியில் ஒரு பாறை உட்கார்ந்திருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். நாடே முன்னேற்றம் முன்னேற்றம் என்று குதித்துக்கொண்டிருந்தபோது வரைந்தது இது.

1836 செப்டம்பரில் எமர்சன் 'இயற்கை' என்ற சிறு நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார். தொடக்கப் பத்திகள் மட்டும் போதும். முன்னோர்கள் கடவுளையும் இயற்கையையும் நேருக்கு நேர் பார்த்தார்கள், நாம் ஏன் அவர்கள் கண்ணைக் கடன் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். மறு ஆண்டு ஆகஸ்டில் ஹார்வர்டில் பேசியபோது, ஐரோப்பாவின் அரசவைக் கலைகளை நாம் கேட்டது போதும் என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். கோலையும் எமர்சனையும் அடுத்தடுத்துப் படித்தால் இருவரும் ஒரே வேலையை வேறு வேறு கருவியால் செய்வது தெரியும்: வரலாறு இல்லாத குறையை இயற்கையை வைத்து நிரப்புகிறார்கள்.

அந்தக் காட்டில் யாருமே இல்லையா? இங்கேதான் அதே 1836இன் இன்னொரு குரலைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். வில்லியம் ஏப்பஸ், பீக்குவாட் பழங்குடியைச் சேர்ந்தவர், மெதடிஸ்ட் போதகர். அந்த ஜனவரியில் பாஸ்டனில் மேடை ஏறி, 1670களில் குடியேறிகளை எதிர்த்துப் போரிட்டுச் செத்த மெட்டாகாம் என்ற பழங்குடித் தலைவரைப் புகழ்ந்து பேசினார், 'ஃபிலிப் அரசன்' என்று வெள்ளையர்கள் அழைத்த ஆள். வாஷிங்டன் உங்களுக்கு எப்படியோ அப்படித்தான் இவர் எங்களுக்கு என்பது அவர் வாதம். குடியேறிகள் வந்து இறங்கிய நாளைப் பழங்குடிகள் துக்க நாளாகக் கொள்ளட்டும் என்றும் சொன்னார். கோலின் ஓவியத்தில் 'கை படாத' காடு என்று நாம் பார்த்த இடது பக்கத்துக்கு ஏப்பஸைப் படித்துவிட்டு மறுபடி போங்கள். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான், 1830இல், பழங்குடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே விரட்டும் சட்டம் நிறைவேறியிருந்தது.

ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'மோஹிகன்களில் கடைசியானவன்' நாவலையும் இந்த இடத்தில் படித்தால்தான் சரியாக இருக்கும். 1826இல் வந்தது, நடை கொஞ்சம் இழுவை, பாதிக்கு மேல் வேகம் எடுக்கும். ஒரு இனம் அழகாக, சோகமாக, தானாகவே மறைந்துபோவது போல் ஒரு கதை, விரட்டும் சட்டத்துக்கு நாலு வருடம் முன்னால். உண்மையில் மோஹிகன் மக்கள் மறையவில்லை. அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்கிறார்கள்.

இதே போல, சுதந்திரம் என்ற சொல் வரும்போதெல்லாம் அடிமை முறையைப் பற்றி யார் பேசினார்கள் என்று ஒரு ஆளைத் தேடி இணையாக வையுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கடத்தி வரப்பட்டு, பாஸ்டனில் விற்கப்பட்ட பிலிஸ் வீட்லியின் கவிதை நூல் 1773இல் லண்டனில்தான் அச்சேறியது, பாஸ்டனில் இல்லை. வாஷிங்டனைப் பாராட்டி 1775இல் அவர் எழுதிய கவிதையில் நாடு 'கொலம்பியா' என்ற பெண் தெய்வமாக வருகிறது. பிற்காலத்து ஓவியங்களிலும் சிலைகளிலும் நூறு வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் அந்த உருவத்தைக் கவிதையில் முதலில் நிறுத்தியவர்களில் ஒருவர், அடிமையாக இருந்து அப்போதுதான் விடுதலையான ஒரு பெண். அடிமை வாழ்விலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் ஆற்றிய உரையையும் விடாதீர்கள், உங்கள் ஜூலை 4 ஓர் அடிமைக்கு என்ன என்று கேட்கும் உரை. டிரம்புல் ஓவியத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

பணம் எந்த வழியாக வந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். நியூயார்க்கில் 'அமெரிக்கன் ஆர்ட் யூனியன்' என்று ஒரு சங்கம். ஆண்டுக்கு 5 டாலர் கட்டினால் ஒரு அச்சுப் படம் வீட்டுக்கு வரும், கூடவே குலுக்கலில் அசல் ஓவியம் விழவும் வாய்ப்பு உண்டு. 1849இல் கிட்டத்தட்ட 19,000 பேர் சேர்ந்திருந்தார்கள். இது லாட்டரிதான் என்று சொல்லி 1852இல் நீதிமன்றம் மூடவைத்தது. நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறைக்குள் மேற்கின் நதிகளும் படகோட்டிகளும் வந்தது இப்படித்தான். ஜார்ஜ் கேலப் பிங்ஹம் 1845இல், மிசௌரி நதியில் ரோமத் தோல் ஏற்றிவரும் ஒரு கிழவனையும் அவன் மகனையும் வரைந்து அனுப்பினார். பிரெஞ்சு வியாபாரி, கலப்பின மகன் என்று தலைப்பும் கொடுத்திருந்தார். சங்கம் அதை மாற்றி 'மிசௌரியில் வரும் ரோம வியாபாரிகள்' என்று பொதுவாக ஆக்கிவிட்டது. தலைப்பிலிருந்து ஒரு குடும்பமே காணாமல் போய்விட்டது. ஓவியத்தில் படகின் முனையில் ஒரு கறுப்பு விலங்கு சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும், பூனையா கரடிக்குட்டியா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

விட்மனைக் கடைசிக்கு வையுங்கள், முதலில் எடுத்தால் மற்றவர்கள் எல்லாம் சப்பென்று ஆகிவிடுவார்கள். 1855இல் புரூக்ளினில் ஒரு சின்ன அச்சகத்தில், சில பக்கங்களுக்குத் தானே அச்சுக்கோத்து, 'புல்லின் இதழ்கள்' கவிதை நூலை 795 பிரதிகள் போட்டார். தலைப்புப் பக்கத்தில் பெயர் இல்லை, எதிர்ப்பக்கத்தில் படம் மட்டும்: தொப்பியைச் சாய்த்து, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, ஒரு கையை இடுப்பிலும் மற்றதைப் பையிலும் வைத்து ஒரு தொழிலாளி போல நிற்கும் விட்மன். கிரீனோவின் ஜீயஸ் சிலையை இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பதினான்கு ஆண்டில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்று தெரியும். எமர்சன் பாராட்டி எழுதிய தனிப்பட்ட கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, அவரிடம் கேட்காமலேயே அடுத்த பதிப்பின் முதுகில் தங்க எழுத்தில் போட்டுக்கொண்டார். தன் புத்தகத்துக்குத் தானே பெயர் போடாமல் மதிப்புரைகளும் எழுதினார். விளம்பரத்தில் அவர் காலத்துக்கு ரொம்பவே முந்தியவர். நம் பாரதியார் 'நகரம்' என்ற கட்டுரையில் இவரைப் பற்றி எழுதியிருக்கிறார், வசனம் போலவே ஓடும் அந்த நடையைப் பற்றியும் பேசுகிறார். அதை முதலில் படித்துவிட்டுப் போனால் தமிழ் வாசகருக்கு விட்மனுக்குள் நுழைவது சுலபம்.

எதை விடலாம்? ஜோயல் பார்லோவின் 'கொலம்பியட்' காவியத்தை (1807) தாராளமாக விடலாம். அமெரிக்காவுக்கு ஒரு ஹோமர் வேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு எழுதியது, நாலு பக்கத்தில் தூக்கம் வரும், வாஷிங்டன் ஜீயஸ் ஆன கதைதான் இதுவும். விட்மனில் மட்டும் ஒரு எச்சரிக்கை: சாகும்வரை அந்த நூலைத் திருத்திக்கொண்டும் பெருக்கிக்கொண்டும் இருந்தார், கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அந்தக் கடைசிக் காலத்துக் குண்டுப் பதிப்பு. இந்த வரிசையில் படிக்க உங்களுக்கு வேண்டியது 1855 பதிப்பு, பன்னிரண்டே கவிதைகள், முன்னால் ஒரு நீண்ட முன்னுரை. 'வால்ட் விட்மன் ஆர்கைவ்' தளத்தில் எல்லாப் பதிப்புகளும் பக்கப் படங்களோடு இலவசமாக இருக்கின்றன, முன்னுரையை விட்டுவிடாமல் அங்கேயே படித்துவிடுங்கள்.